ஏலத்தில் இரண்டு பழம் விட்டு வையுங்கள்

(ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

ஒருத்தருக்கு ஒரு தாள்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் கெஞ்சி நான்கு தாள் வாங்கிக்கொண்டேன். நின்றுகொண்டு படிப்பதால் கால் வலித்தால் பாதியை இடைவேளையில் வந்து படிக்கவும்.

விஷயம் நம் பள்ளிக்கூடத்துப் பலாமரம் பற்றியது.

போன மாதம் பொங்கல் சிறப்பிதழுக்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘எனக்குப் பிடித்த மரம்’ என்று படம் வரைந்து தரச் சொல்லியிருந்தோம். வந்த படங்களை வெட்டி ஒட்டுகிற வேலை எனக்கும் என் தோழிக்கும். மொத்தம் 19 படம் வந்தது. தென்னை, வேம்பு, மாமரம் எல்லாம் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் மரம்கூட இருந்தது. ஆறு பேர் பலாமரம் வரைந்திருந்தார்கள். நாம் பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆயிற்றே, ஆறு பேராவது வரையாவிட்டால் எப்படி என்று சந்தோஷமாக எடுத்துப் பார்த்தேன். ஆறு படத்திலும் பழம் கிளையின் நுனியில், இலைக்கு நடுவே, ஆப்பிள் மாதிரி குட்டிக் குட்டியாகத் தொங்கியது. ஒரே ஒரு தம்பி மட்டும் பழத்துக்கு முள் போட்டிருந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. மூன்றாம் வகுப்பு வாசலில் இருந்து பலாமரம் வரைக்கும் நடந்து பார்த்தேன். முப்பத்திரண்டு எட்டு. அவ்வளவுதான் தூரம். மறுநாள் முள் போட்ட தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பலாப்பழம் மரத்துல எங்கடா காய்க்கும்?”

“கிளையிலக்கா.”

“நம்ம மரத்துல போயி பாத்திருக்கியா?”

“கிட்ட போனா திட்டுவாங்கக்கா.”

இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

தப்பு அந்தத் தம்பி மேல் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலாப்பழத்தை எங்கே பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லாரியில் அடுக்கியிருப்பதைப் பார்க்கிறார்கள். பண்ருட்டி மண்டியில் மலை மாதிரி குவித்திருப்பதைப் பார்க்கிறார்கள். பஸ் நின்றால் ஜன்னல் ஓரமாகச் சுளைப் பாக்கெட்டை நீட்டுவார்களே, அதைப் பார்க்கிறார்கள். தோப்புகளுக்கு வேலி போட்டிருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும், தோப்பு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும்தான் மரத்தில் பழத்தைப் பார்த்திருக்கும். மற்றவர்களுக்கு நம் பள்ளி மரம் ஒன்றுதான் வழி. அந்த மரத்துக்கும் நாம் முள் போட்டு வைத்திருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மாசி மாதம் மரத்தில் பிஞ்சு எத்தனை நிற்கிறது என்று பார்த்து ஊரில் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மறுநாளே கருவேல முள் வெட்டி வந்து மரத்தைச் சுற்றிப் போட்டுவிடுவார். அதிலிருந்து ஆனி மாதம் கடைசிப் பழம் இறங்கும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது. ஏலம் எடுப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் கட்டி எடுக்கிறார். காவல் இல்லாவிட்டால் பழம் காணாமல் போகும். (போகும். நம் பையன்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?)

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது மரத்தடியில் ஒன்று கிடந்தது. கறுப்பாக, விரல் நீளத்தில், தொட்டால் மெத்தென்று இருந்தது. பாவாடையில் துடைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருந்தவர் “பிஞ்சைப் பறிக்கிறியா, திருட்டுக் கழுதை” என்று கத்திக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த நாள் பிரேயரில் என்னைத் தனியாக நிற்க வைத்தார்கள். நான் திருடவில்லை என்று சொல்லத் தெரிந்தது, அது பிஞ்சு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை.

சாயந்திரம் வீட்டில் அழுதபோது அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். “அது பிஞ்சே இல்லம்மா. ஆம்பளப் பூவு. தூள் கொட்டி முடிஞ்சதும் கருத்துப் போயி தானா வுழுந்துடும். அதை எவன் விலைக்கு வாங்குவான்?” என்றார்.

உண்மைதான். ஒரே பலாமரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். ஆண் பூங்கொத்து மெல்லிய காம்பில் திரி மாதிரி இருக்கும். மகரந்தம் உதிர்ந்ததும் வேலை முடிந்தது, கறுத்து விழுந்துவிடும். பெண் பூங்கொத்து தடித்த காம்பில், அடிமரத்திலும் பெருங்கிளையிலும் வரும். அதுதான் பழமாகும். இது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால், அல்லது என்னை நிற்க வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தால், ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்க மாட்டேன். இதைப் பழி வாங்குவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

என் கருத்து இதுதான். ஏலம் நடக்கட்டும். முள்ளும் போடட்டும். ஏலச் சீட்டில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும். ‘இரண்டு பழம் பள்ளிப் பிள்ளைகளுக்கு.’ ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு பழம், நான்கு ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பழம். ஆறாம் வகுப்பிலிருந்து மேலே இருக்கும் நமக்கு வேண்டாம், நாம் எப்படியும் வாங்கித் தின்றுவிடுவோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பழம் இறக்குகிற அன்று, அந்தப் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போய், மரத்தைத் தொட வைத்து, பழத்தை அவர்கள் கண் முன்னால் வெட்ட வேண்டும். அறுத்துக் கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்தால் பிரயோசனம் இல்லை. அதைத்தான் பஸ் ஸ்டாண்டிலேயே கொடுக்கிறார்களே.

ஏன் கண் முன்னால் வெட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு பலாப்பழத்துக்குள் எவ்வளவு பாடம் இருக்கிறது என்று எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. எட்டாம் வகுப்பு லீவில் ஆயா வீட்டில் ஒரு பழம் அறுத்தோம். ஆயா முதலில் சாக்கு விரித்தார். நல்லெண்ணெயைக் கையிலும் கத்தியிலும் தடவினார். எண்ணெய் தடவாமல் கை வைத்தால் பால் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. சட்டையில் பட்டால் அந்தக் கறை சட்டை கிழியும் வரை இருக்கும். பழத்தை நெடுக்காக வெட்டியதும் நடுவில் வெள்ளைத் தண்டு தெரிந்தது. அதைச் சீவி எடுத்த பிறகு பழம் தானாக மலர்ந்த மாதிரி விரிந்தது. சுளை, சுளையைச் சுற்றி நாராகச் சடை, சுளைக்குள் கொட்டை.

நான் விளையாட்டாக எண்ணினேன். 137 சுளை. அப்போது என் சித்தி மகள், பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படிப்பவள், ஒரு விஷயம் சொன்னாள். பலாப்பழம் ஒரு பழமே இல்லையாம். ஒரு பூங்கொத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பூக்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றானது. அதற்குப் பாடத்தில் கூட்டுக்கனி என்று பெயர். ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ. நாம் வேண்டாம் என்று பிய்த்துப் போடுகிற சடை இருக்கிறதே, அதெல்லாம் கருவுறாமல் போன பூக்கள். வெளியே குத்துகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முள்ளைத் தடவித் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. மாம்பழம் ஒரு பூவில் ஒரு பழம். சீத்தாப்பழம் ஒரே பூவில் பல சூலகம் சேர்ந்து திரள்கனி. பலா பல பூ சேர்ந்து கூட்டுக்கனி. மூன்றையும் ஒரு மேஜையில் வைத்துக் காட்டினால் எட்டு வயசுப் பிள்ளைக்கும் புரியும். கரும்பலகையில் படம் போட்டு எனக்குப் புரியவில்லை, இதை எழுத வெட்கமில்லை.

அன்றைக்கு அந்தப் பழத்தில் வீணாகப் போனது என்று எதுவும் இல்லை. தோலும் சடையும் மாட்டுக்கு. இலையை ஒடித்து ஆட்டுக்கு. கொட்டையில் பாதியை அடுப்புத் தணலில் சுட்டுத் தின்றோம். மீதியை ஆயா மண்ணோடு கலந்து பானையில் போட்டு வைத்தார். மழை நாளில் அதை எடுத்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பார். அந்தக் குழம்பில் கருவாட்டை விட்டுவிட்டுக் கொட்டையைத் தேடுகிற ஆள் நான். பழுக்காத காயைச் சமைத்தால் கறி மாதிரி இருக்கும் என்று பிரியாணிகூடச் செய்கிறார்கள். ஆயாவிடம் சொன்னதற்கு, “நாங்க அரிசி இல்லாத நாள்ல இதத் தின்னுட்டுப் படுத்தோம், இப்ப பிரியாணியாம்” என்றார்.

விதை விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது செய்து பார்க்க ஆசைப்படலாம். பலாக்கொட்டையைப் பயறு, அவரை மாதிரி வெயிலில் காய வைத்து அடுத்த வருஷம் போடலாம் என்று நினைத்தால் முளைக்காது. காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற சூட்டோடு ஈரம் போகாமல் நட வேண்டும். வேர் நேராகக் கீழே போகும், அதனால் இடம் மாற்றினால் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே போட்டுவிடுவது நல்லது. விதை போட்ட மரம் காய்க்க ஐந்து முதல் எட்டு வருஷம் ஆகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போன ஜூனில் போட்டிருந்தால், அது என் வகுப்புக்கு வரும்போது காய்க்கும். சீக்கிரம் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்க வேண்டும். நம் பக்கத்திலேயே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1, பாலூர் 2 என்று பலா ரகங்களுக்கே அந்த ஊர்ப் பெயர்தான். எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு அந்த ஊரில் பஸ் மாறத்தான் தெரிந்திருந்தது.

தமிழ் ஐயா ஒருநாள் குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றைச் சொன்னார். அதில் வேரில் காய்க்கிற பலாவும் வரும், சின்னக் கொம்பில் தொங்குகிற பெரிய பழமும் வரும். தலைவியின் உயிர் சிறியது, ஆசை பெரியது என்று சொல்ல அந்தப் பழத்தைக் காட்டுகிறார். ஐயா அர்த்தம் சொல்லி முடித்ததும் நான் நினைத்தது வேறு. கபிலர் மரத்தடியில் போய் நின்று, பழம் எங்கே தொங்குகிறது என்று பார்த்திருக்கிறார். அவரை யாரும் துரத்தவில்லை போலிருக்கிறது.

அடிமரத்தில் காய்ப்பதற்குக் காரணம் கேட்டால் அப்பா, “நுனியில காச்சா கிளை தாங்குமா?” என்பார். இருபது கிலோ, முப்பது கிலோ பழம் எல்லாம் சாதாரணம். மரத்தில் காய்க்கிற பழங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான். அறிவியல் டீச்சர், கோகோ மரமும் அத்தி மரமும்கூட இப்படித்தான் உடம்பிலேயே காய்க்கும் என்றார். அத்தி, ஆல், அரசு எல்லாம் பலாவுக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். சந்தேகம் இருந்தால் நான்கிலும் ஒவ்வொரு இலை கிள்ளிப் பாருங்கள், நான்கிலும் பால் வரும். நம் ஊர்க் கோயில் அரசமரத்துக்கு நம் பலாமரம் சித்தப்பா பிள்ளை மாதிரி.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா பலாப்பழம் இறக்குகிற வேலைக்குப் போகிறவர். போன ஜூனில் ஏலம் எடுத்தவர் நம் பள்ளி மரத்துக்கு அப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார். எனக்கு அன்று கணக்கு வகுப்பு. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அப்பா ஒவ்வொரு பழமாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். காயாக இருந்தால் கெட்டியான சத்தம் வரும், முற்றிவிட்டால் பொத்தென்று வேறு மாதிரி கேட்கும். முள் விலகிப் படிந்திருக்கிறதா என்று கையால் தடவினார். காம்பு ஓரத்து இலை மஞ்சளாகி இருக்கிறதா என்று பார்த்தார். பெரிய பழமாக இருந்தால் அறுத்துக் கீழே போடக் கூடாது, உடைந்துவிடும். கயிற்றில் கட்டி, கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக இறக்கினார். இடைவேளை மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கீழே நின்றவர் “போ, போ, தலையில விழும்” என்று விரட்டினார். விழும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தடி தள்ளிக் கோடு போட்டு உட்கார வைத்து, ஒருத்தர் நின்று, “பாருங்க, இப்ப ஏன் தட்டறாரு?” என்று கேட்டிருக்கலாமே என்று ஜன்னலில் இருந்து நினைத்தேன். 41 பழம் இறங்கியது. நான் கணக்கில் கவனம் இல்லாமல் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்கு சார் என்னை மன்னிக்கவும்.

அன்று ஒரு சின்னப் பையன் அப்பாவைப் பார்த்து, “அந்த ஆளு திருடறாரா டீச்சர்?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர் என் அப்பா என்று சொல்லவில்லை. அது என் தப்பு. வீட்டுக்கு வந்தும் அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியப் போகிறது.

மரம் தெரியாததால் வருகிற இன்னொரு கஷ்டம். நம் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள், நானும்தான், கை கழுவுகிற குழாய்த் தண்ணீர் வீணாகிறதே என்று வாய்க்கால் வெட்டிப் பலாமரத்தடிக்கு விட்டோம். கைதட்டல் எல்லாம் வாங்கினோம். இப்போது போய்ப் பாருங்கள், அந்தப் பக்கம் எப்போதும் சேறு. அந்தப் பக்கத்துக் கிளையில் இலை மஞ்சளாகி உதிர்கிறது. அப்பாவிடம் கேட்டேன். “பலாவுக்குக் கால்ல தண்ணி நின்னா ஆகாது. வாழைக்கு வுடுங்க” என்றார். தண்ணீர் தேங்கினால் பலா வேர் அழுகி மரமே பட்டுப்போகும். நாங்கள் அன்பாகச் செய்ததுதான். முள் வேலிக்கு வெளியே நின்று அன்பு வைத்தால் இப்படித்தான் ஆகும். வருகிற சனிக்கிழமை மண்வெட்டியோடு வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கவும். ஒரு மணி நேர வேலை, வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிடலாம்.

இந்த மரம் பட்டுப்போனால் சாதாரண நஷ்டம் இல்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. நான் அப்போது கைக்குழந்தை. நம் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். தாத்தா காலத்து மரங்களை வந்த விலைக்குக் கொடுத்தார்களாம். அப்பா அந்த வருஷம் பழம் இறக்கவில்லை, விழுந்த மரம் அறுக்கப் போனார். நம் பள்ளி மரம் ஒரு பெரிய கிளையை இழந்துவிட்டு நின்றுவிட்டது. கிழக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய வடு இருக்கிறதே, அது அந்தக் கிளை முறிந்த இடம். அந்த வடுவை யாரும் சொல்லிக் கொடுக்காததால் நான் ரொம்ப நாள் யாரோ கோடாலியால் வெட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலா மரத்துக்குக் கட்டையாகவும் மதிப்பு உண்டு. அறுத்தால் மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகச் சிவந்து கருக்கும். கரையான் எளிதில் ஏறாது. மிருதங்கம் இந்தக் கட்டையைக் குடைந்துதான் செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணையும் பலாதான். அந்த வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு நம் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தைத் தேடி வந்து வாங்குவார்கள். நம் பள்ளியில் யாரும் வீணையைத் தொட்டதில்லை. ஆனால் டி.வி.யில் வீணைச் சத்தம் கேட்டால் இனிமேல் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வரும்.

என் கருத்தை வகுப்பில் சொன்னபோது சிலர் மறுத்தார்கள். அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பழம் குறைந்தால் ஏலத் தொகை குறையும் என்றார்கள். 41-ல் இரண்டு போனால் 39. அதனால் ஏலம் எடுப்பவர் ஓடிப்போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அதற்குத் தகுந்த மாதிரி கேட்பார், பாதியில் கேட்டால்தான் சண்டை வரும். அதனால்தான் மாசிக்கு முன்பே எழுதுகிறேன். பால் பட்டுச் சீருடை பாழாகும் என்றார் ஒரு டீச்சர். அது நியாயமான பயம். அன்றைக்கு மட்டும் பழைய சட்டை போட்டு வரச் சொல்லலாம். பாடம் நடத்தவே நேரம் இல்லை என்றார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் குச்சியும் கூழாங்கல்லும் வைத்துத்தானே எண்ணச் சொல்லித் தருகிறார்கள், அன்றைக்குச் சுளையை எண்ணட்டும். எண்ணிய பிறகு தின்னட்டும். கூழாங்கல்லில் அந்த வசதி இல்லை. 

போனில் வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா என்று ஒருத்தி கேட்டாள். வீடியோவில் வாசனை வராது. முள் கையில் படாது. வேறு பதில் என்னிடம் இல்லை.

யார் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஆசிரியர்கள் பாதிப் பேர் வெளியூர். பலாவைத் தட்டிப் பார்த்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியாவிட்டால் குற்றம் இல்லை. அதனால் அப்பாவையே கேட்டேன். “நான் அஞ்சாவது படிச்ச ஆளு. வாத்தியாருங்க முன்னாடி நின்னு என்னாம்மா பேசறது?” என்றார். பேச வேண்டாம், எப்போதும் செய்கிற மாதிரி செய்யுங்கள், பிள்ளைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, “அம்மாந்தூரம் கோடு போடணும். சின்னப் பசங்க ஓடியாந்துடும்” என்றார். அப்படியென்றால் சம்மதம் என்று அர்த்தம், எனக்கு அவரைத் தெரியும்.

தலைமையாசிரியர் அவர்கள் ஏலத்துக்கு முன் ஊராட்சியில் பேசி அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சாக்கு சத்துணவுக் கூடத்தில் இருக்கிறது. நல்லெண்ணெய் நான் வீட்டிலிருந்து கொண்டு வருகிறேன்.